திருச்சி அரண்மனையில் ஓர் அரசி: ராணி மங்கம்மாள்

விழா மலர் என்றால் ஒரு புனிதரின் வரலாறோ, நம்மிடையே உழைத்து மறைந்த ஒரு குருவானவரின் வரலாறோ இடம் பெறுவது வழக்கம். திருமுழுக்குப் பெறாத, நம் கோவில் வாசலில் கால் வைத்தவரென்று எந்த ஏடும் சொல்லாத ஓர் இந்து அரசியைப் பற்றி இங்கே எழுதப் புகுந்தது ஏன் என்று பங்கு மக்களில் சிலர் கேட்கக் கூடும். காரணம் இருக்கிறது. முந்நூறு ஆண்டுகளுக்கு முன் நம் மறை இந்தத் திருச்சிச் சீமையில் கூரைக் கோவில்களில் ஒதுங்கி வாழ்ந்த காலத்தில், அதை வாழவிடுவதா, வேரோடு பிடுங்குவதா என்று முடிவு செய்யும் அதிகாரம் ஒரு பெண்மணியின் கையில் இருந்தது. அவர் வாழவிட்டார். அந்தக் கடனை நினைத்துப் பார்க்க விழாக் காலத்தைவிட வேறு நல்ல காலம் ஏது?

மலைக்கோட்டையின் அடிவாரத்தில் அரசு அருங்காட்சியகம் இருக்கும் பழைய மண்டபத்தை நம்மில் பலரும் பார்த்திருக்கிறோம். ராணி மங்கம்மாள் மகால் என்பது அதன் பெயர். கட்டியவர் அவரல்லர், அவருடைய கணவர் சொக்கநாத நாயக்கர். தலைநகரை மதுரையிலிருந்து திருச்சிக்கு மாற்றிய அவர், மதுரையில் பாட்டனார் திருமலை நாயக்கர் கட்டிய அரண்மனையைப் பிரித்து, அந்தக் கல்லையும் மரத்தையும் கொண்டுவந்து இங்கே தமக்கு அரண்மனை எழுப்பினார் என்பார்கள். கட்டியவர் பெயர் மறைந்து, ஆண்டவர் பெயர் நிலைத்துவிட்டது.

மங்கம்மாள் அரச குலத்தில் பிறந்தவர் அல்லர். சொக்கநாதரின் படைத்தலைவர்களில் ஒருவரான லிங்கம நாயக்கரின் மகள். சொக்கநாதரின் ஆட்சி 1659-இல் தொடங்கி 1682-இல் முடிந்தது. போரும் பஞ்சமும் மாறி மாறி நாட்டை வாட்டிய காலம் அது. தஞ்சையை வென்றார், வென்றதைச் சில ஆண்டுகளில் மராத்தியரிடம் இழந்தார். மைசூர்ப் படை ஒரு பக்கம், மறவர் சீமை ஒரு பக்கம். மனம் உடைந்து அவர் இறந்தபோது, மகன் ரங்ககிருஷ்ண முத்துவீரப்ப நாயக்கர் இளைஞர். கணவனோடு உடன்கட்டை ஏறுவது அரச குலப் பெண்களுக்கு ஏறக்குறைய கட்டாயமாக இருந்த நாளில் மங்கம்மாள் ஏறவில்லை. மகனுக்காக உயிர் வைத்துக்கொண்டார். 1710-இல் இராமநாதபுரத்துக் கிழவன் சேதுபதி இறந்தபோது அவர் மனைவியர் 47 பேர் சிதையில் இறங்கினார்கள் என்று நம் குருக்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். மங்கம்மாளின் முடிவு எவ்வளவு துணிச்சலானது என்பது அதைப் படிக்கும்போதுதான் விளங்கும்.

அந்த மகனும் நீண்ட நாள் வாழவில்லை. 1689-இல் வைசூரி அவரைக் கொண்டு போயிற்று. அவர் மனைவி அப்போது கர்ப்பிணி. ஆண் குழந்தையைப் பெற்றுவிட்டுச் சில நாட்களில் அவரும் இறந்தார். தாயும் தந்தையும் இல்லாத அந்தச் சிசுதான் விஜயரங்க சொக்கநாதன். தொட்டிலில் கிடந்த பேரனுக்கு முடி சூட்டி, அவன் பெயரால் பாட்டியார் ஆளத் தொடங்கினார். 1689 முதல் 1706 வரை பதினேழு ஆண்டுகள்.

பதினேழு ஆண்டும் அவர் நிம்மதியாகத் தூங்கியிருப்பாரா என்பது ஐயமே. வடக்கே ஔரங்கசீப்பின் படைகள் செஞ்சியை முற்றுகையிட்டு நின்றன. மங்கம்மாள் முகலாயரோடு மோதவில்லை. திறை கட்டினார், காலத்தை வாங்கினார். திறை மறுத்த திருவிதாங்கூர் மீது 1697-இல் தளவாய் நரசப்பய்யாவை அனுப்பிப் பணிய வைத்தார். 1700-இல் அதே தளவாய் தஞ்சைப் படையையும் அடக்கினார். காவிரி விஷயத்தில் நடந்தது திருச்சிக்காரர்களுக்குச் சுவையாக இருக்கும். மைசூர் அரசர் சிக்கதேவராயர் காவிரியின் குறுக்கே அணை எழுப்பி நீரை மறித்தபோது, நேற்று வரை பகைவர்களாயிருந்த திருச்சியும் தஞ்சையும் ஒன்று சேர்ந்து படை திரட்டின. அதற்குள் பெருமழை பெய்து வெள்ளமே அணையை உடைத்துவிட்டது. மழைக்கு நன்றி சொல்லி இரு படையும் வீடு திரும்பின.

சாலைகளும் சத்திரங்களும் அவர் பெயரை இன்றும் சொல்லும். மதுரையில் ரயில் நிலையத்துக்கு எதிரே மங்கம்மாள் சத்திரம். தெற்கே கன்னியாகுமரி வரை மங்கம்மாள் சாலை. தவறுதலாக இடது கையால் வெற்றிலையை எடுத்து வாயில் போட்டுக் கொண்டதற்குப் பரிகாரமாக இத்தனை அறமும் செய்தார் என்று ஒரு கதை உண்டு. ஒரு வெற்றிலைக்கு இவ்வளவு பரிகாரமா என்று சிரிக்கத் தோன்றுகிறது. வெயிலில் நடந்து போகிறவர்களின் கால் சுடும் என்று அறிந்த ஒருவருக்குச் சாலையில் மரம் நட வெற்றிலைக் காரணம் வேண்டியதில்லை.

இனி நம் கதைக்கு வருவோம்.

மதுரை மிஷன் 1606-இல் தத்துவ போதக சுவாமிகளால் தொடங்கப்பட்டது. மங்கம்மாள் ஆட்சிக்கு வந்தபோது அதற்கு வயது எண்பதுக்கு மேல். காவி உடுத்தி, புலால் நீக்கி, ஊர் ஊராக நடந்து, களிமண் சுவரும் ஓலைக் கூரையுமாகக் கோவில் எழுப்பிய சேசு சபைக் குருக்களுக்கு எந்த ஊரிலும் நிலையான உரிமை கிடையாது. ஒரு பாளையக்காரர் இடம் கொடுப்பார். அவர் இறந்தால் அடுத்தவர் கூரையைப் பிரிப்பார். ஒரு மணியக்காரருக்குக் கோபம் வந்தால் உபதேசியார் முதுகில் கசையடி விழும். கோவில் கட்ட அனுமதி என்பது உரிமையல்ல, தயவு. தயவுக்கு ஆயுள் குறைவு.

இதற்குப் பெரிய சாட்சி புனித அருளானந்தர். லிஸ்பன் நகரில் 1647-இல் பிறந்து, அரண்மனை வாழ்வை விட்டு இங்கே வந்த அவரை, 1686-இல் மறவர் நாட்டில் பிடித்து வதைத்து, இனி இப்பக்கம் வரக்கூடாது என்று அனுப்பினார்கள். ஐரோப்பா சென்றவர் திரும்பி வந்தார். தடியத் தேவர் திருமுழுக்குப் பெற்று, ஒரு மனைவியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களை விலக்கியபோது, விலக்கப்பட்டவர்களில் ஒருவர் சேதுபதியின் உறவுப் பெண்ணாக இருந்தார். முறையீடு சேதுபதியின் செவிக்கு எட்டியது. 1693 பிப்ரவரி 4-ஆம் நாள் ஓரியூர் மணலில் அருளானந்தரின் தலை வெட்டப்பட்டது.

அப்போது மங்கம்மாள் ஆட்சிக்கு வந்து நான்காவது ஆண்டு. சேதுபதி பெயரளவில் மதுரை நாயக்கருக்கு அடங்கியவர். அப்படியானால் அரசி ஏன் தடுக்கவில்லை? அவரைப் புகழ எடுத்துக்கொண்ட கட்டுரையில் இந்தக் கேள்வியை மறைத்துவிட்டுப் போவது முறையாகாது. பெயரளவு என்று சொன்னோமே, அதுதான் விடை. கிழவன் சேதுபதி எவர் சொல்லுக்கும் கட்டுப்படாத வீரர். 1702-இல் அவர் மீது திருச்சிப் படை சென்றபோது படை தோற்றது. தளவாய் நரசப்பய்யாவே களத்தில் மாண்டார். அரசியின் கை ஓரியூர் வரை எட்டவில்லை. ஆனால் கை எட்டிய இடத்தில் அவர் சும்மா இருக்கவில்லை. மறவர் நாட்டில் சிறைப்பட்டிருந்த மெல்லோ என்னும் சேசு சபைக் குருவை, தாம் தலையிட்டு விடுதலை செய்வித்தார். அருளானந்தருக்குக் கிடைக்காத நாள் மெல்லோ சுவாமிக்குக் கிடைத்தது.

அடுத்துச் சொல்ல வேண்டியவர் பூஷே சுவாமியார். பிரெஞ்சுக்காரர். சியாம் நாட்டில் மறைப்பணிக்கு வழி அடைபட்டபோது இந்தியா வந்து மதுரை மிஷனில் சேர்ந்தவர். திருச்சிக்குத் தெற்கே ஆவூரில் 1697-இல் கோவில் கட்டியவர் இவரே. ஊழியம் பெருகப் பெருகப் பகையும் பெருகுவதைக் கண்ட அவர், ஒளிந்து வாழ்வதைவிட நேரே அரண்மனைக்குப் போய்விடுவது மேல் என்று முடிவு செய்தார். இதில் ஆபத்து இல்லாமலில்லை. பார்க்க மறுத்துவிட்டால், அல்லது பார்த்து முகம் சுளித்துவிட்டால், மறுநாளே ஒவ்வொரு கிராமத்திலும் கோவில் கூரைக்குத் தீ வைக்க ஆள் தயாராயிருக்கும்.

வெறுங்கையோடு அரண்மனைக்குள் போவது அக்கால வழக்கமல்ல. பூஷே சுவாமி கொண்டு போன கையுறைகளை அவருடைய தோழர்கள் தங்கள் மடல்களில் ஆசையோடு பட்டியல் போட்டு எழுதியிருக்கிறார்கள். இரண்டடிக் குறுக்களவுள்ள ஒரு பூகோள உருண்டை. அதில் நாடுகள், கடல்கள், கரைகளின் பெயர்களெல்லாம் தமிழில் எழுதப்பட்டிருந்தன. உட்புறம் கண்ணாடி போல் மின்னும் ஒரு பளிங்கு உருண்டை, வெயிலைக் குவித்துத் தீ மூட்டும் கண்ணாடிகள், சீனத்துப் பொருள்கள், வெள்ளியில் பதித்த கருமணி வளையல்கள், சிப்பிகளால் செய்த ஒரு சேவல். பொன்னும் மணியும் நிறைந்த அரண்மனைக்கு இவை பெரிய செல்வமல்ல. ஆனால் அந்தப் பூகோள உருண்டையை நினைத்துப் பாருங்கள். 1700-ஆம் ஆண்டையொட்டித் திருச்சி அரண்மனையில் உலகம் முழுவதும் தமிழ் எழுத்தில் உருண்டு கொண்டிருந்திருக்கிறது! அதைச் செய்யக் கற்றறிந்த ஐரோப்பியர் ஒருவர் தமிழ் எழுத்தைக் கற்றிருக்க வேண்டியிருந்தது. காவி உடுத்தி வந்தவரை அந்நியர் என்று ஒதுக்கச் சபையோருக்குக் காரணம் குறைந்துபோயிற்று.

தளவாய் எழுந்து மரியாதை செய்து சுவாமியாரை வரவேற்றார். பொருள்கள் அரசியின் பார்வைக்குச் சென்றன, அவர் மகிழ்ந்தார். பிறகு நடந்தது பூஷே சுவாமியார் கேட்காதது. பல்லக்கில் ஏற்றி, வாத்தியங்கள் முழங்க, தலைநகரின் வீதிகளில் அவரை ஊர்வலமாக அழைத்துச் சென்றார்கள். ஏழ்மை வார்த்தைப்பாடு கொடுத்த துறவிக்கு அந்த ஆடம்பரம் முள்ளாகத்தான் குத்தியிருக்கும். ஆனாலும் இறங்கவில்லை. வீதியோரம் நின்று பார்த்தவர்களில் மணியக்காரர்களும், பாளையக்காரர்களின் ஆட்களும் இருந்திருப்பார்கள். இந்தச் சுவாமியார்மேல் கை வைத்தால் அரண்மனை கேட்கும் என்ற செய்தியை ஓர் அரசாணை ஓலையைவிட அந்தப் பல்லக்கு வேகமாக ஊர்களுக்குக் கொண்டு போயிருக்கும்.

அரசி இதையெல்லாம் நம் மறைமீது பற்று வைத்துச் செய்தார் என்று எண்ண வேண்டாம். அப்படி எழுதிய சில பழைய நூல்கள் ஆசையால் எழுதியவை. அவர் தம் முன்னோர் சமயத்தில் ஊன்றி நின்றவர். மதுரை மீனாட்சி கோவிலுக்கு அவர் செய்த பணிகள் பல. அங்கே ஊஞ்சல் மண்டபத்தின் விதானத்தில் அவர் உருவத்தை ஓவியமாக இன்றும் காணலாம். அவர் வளர்த்த பேரன் விஜயரங்க சொக்கநாதன் திருவரங்கத்துப் பெருமாளிடம் கொண்ட பக்தி ஊரறிந்தது. அரங்கநாதர் கோவிலில் மனைவியோடு கைகூப்பி நிற்கும் அவனுடைய சிலையைச் சீரங்கம் போகிறவர்கள் பார்த்திருப்பார்கள். தம் கடவுளை விடாதவர், பிறருடைய கடவுளைப் பறிக்கவில்லை. அவ்வளவே.

நம்மவர்களுக்கு மட்டும் அவர் இப்படி நடந்துகொள்ளவில்லை. மதுரைச் சாலையில் நம் கண்ணெதிரே இருக்கும் நத்தர்வலி தர்காவுக்கு 1701-இல் திருச்சிச் சீமையில் நிலங்கள் மானியமாக விடப்பட்டன. பட்டயம் பேரன் பெயரில். அவனுக்கோ வயது பன்னிரண்டு. கொடுத்தது எவர் கை என்று சொல்ல வேண்டியதில்லை. முகலாயர் படை வடக்கே நிற்கும்போது ஒரு தர்காவுக்கு மானியம் விடுவது அரசியல் தந்திரமும்தானே என்று யாராவது கேட்கலாம். இருக்கலாம். நல்ல காரியங்கள் பலவற்றில் கொஞ்சம் தந்திரமும் கலந்தே இருக்கிறது. தொழுகைக்கு வந்த ஏழைக்கு அந்த நிலத்தில் விளைந்த நெல்லில் தந்திரம் தெரிந்திருக்காது.

1705-இல் நடந்த வழக்கு இன்னும் நுட்பமானது. மதுரையில் பட்டு நெய்யும் சௌராஷ்டிர மக்கள் ஆவணி அவிட்டத்தில் உபாகர்மம் செய்து பூணூல் மாற்றிக்கொண்டார்கள். இவர்களுக்கு அந்த உரிமை ஏது என்று சிலர் முறையிட, அதிகாரி அவர்களில் 18 பேரைப் பிடித்து அடைத்துவிட்டார். வழக்கு அரசியிடம் வந்தது. அவர் தம் மனம் போனபடி தீர்ப்புச் சொல்லவில்லை. சாத்திரம் அறிந்தவர்களைக் கூட்டி ஆராயச் செய்து, அவர்களுக்கு அந்தச் சடங்கு செய்ய உரிமை உண்டு என்று ஓலை எழுதிக் கொடுத்தார். ஒருவன் தன் கடவுளை எந்த முறையில் வணங்குவது என்பதற்காக அவனைச் சிறையில் வைக்கலாகாது என்று நம் நாட்டில் எழுந்த பழைய தீர்ப்புகளில் அதையும் ஒன்றாக வைத்து எண்ணலாம்.

இதே காலத்தில் உலகம் எப்படி இருந்தது என்று பார்த்தால்தான் அரசியின் உயரம் தெரியும். 1679-இல் ஔரங்கசீப் முஸ்லிம் அல்லாதவர் மீது ஜிசியா வரியை மீண்டும் விதித்தார். பக்கத்துத் தஞ்சையில் சகஜி மன்னரின் ஆட்சியில் கிறிஸ்தவர்கள் துன்புறுத்தப்பட்டார்கள். நம்மவர்களின் கணக்கையும் திறந்து காட்ட வேண்டும். பூஷே சுவாமியாரின் சொந்த நாடான பிரான்சில், கத்தோலிக்க மன்னர் பதினான்காம் லூயி 1685-இல் புரோட்டஸ்டண்டு மக்களின் வழிபாட்டு உரிமையை ரத்து செய்து, அவர்கள் கோவில்களை இடிக்க ஆணையிட்டார்; ஆயிரமாயிரம் குடும்பங்கள் நாட்டை விட்டு ஓடின. கோவாவில் போர்த்துக்கீசியர் இந்துக் கோவில்களை இடித்ததும், விசாரணை மன்றம் வைத்து மக்களை வதைத்ததும் மறைக்க முடியாத வரலாறு. இங்கிலாந்தில் நம் மறையைச் சேர்ந்தவர்கள் சட்டப்படி ஒரு சிற்றாலயம் வைத்துத் திருப்பலி காண 1791 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. மனிதனுக்குச் சமய உரிமை உண்டு, எவரையும் வற்புறுத்தலாகாது என்று நம் திருச்சபையே இரண்டாம் வத்திக்கான் சங்கத்தில் ஏடு எழுதி அறிவித்தது 1965 டிசம்பர் 7-ஆம் நாள். திருச்சி அரசி சங்க ஏடு எதையும் படித்தவர் அல்லர்.

ஆனால் அவர் கொடுத்ததும் தயவுதான். அதையும் சொல்லியாக வேண்டும். அவர் இருந்தவரை இருந்தது. நரசப்பய்யா மாண்ட பிறகு அரண்மனையில் நம் குருக்களுக்காகப் பேச வலுவான நாவு குறைந்தது. பூஷே சுவாமியாரும் சில ஆண்டுகளில் வடக்கே கர்நாடக மிஷனுக்குப் போய்விட்டார். இந்தக் காரணத்தால்தான், ஒரு ராணியின் நல்ல மனத்தில் தொங்கிக்கொண்டிராமல் எல்லாச் சமயத்தாரும் தம் சமயத்தைப் பின்பற்றவும், தம் நிலையங்களை நடத்திக்கொள்ளவும் உரிமை உண்டு என்று 1950-இல் நடைமுறைக்கு வந்த நம் அரசியல் சட்டத்தின் 25, 26-ஆம் பிரிவுகள் எழுதிவைத்திருப்பதை நாம் பெரிதாக மதிக்க வேண்டியிருக்கிறது.

அரசியின் கடைசி நாட்கள் துயரமானவை என்றே மக்கள் வாய்வழியாகச் சொல்லி வந்திருக்கிறார்கள். பேரன் வளர்ந்தான். ஆட்சியைக் கேட்டான், கேட்கத் தூண்டிவிட்டவர்களும் இருந்தார்கள். அமைச்சர் ஒருவரோடு அரசியைச் சேர்த்துப் பழி பேசினார்கள். தனியே ஆண்ட பெண்ணுக்கு எக்காலத்திலும் நேரும் பழி அது. மதுரை அரண்மனையில் அவரை அடைத்து, கைக்கு எட்டாமல் கண்ணுக்கு மட்டும் தெரியும்படி உணவை வைத்துப் பட்டினியால் சாகடித்தார்கள் என்பது கதை. இதற்கு உறுதியான சான்று கிடையாது. சாலையெங்கும் சத்திரம் வைத்துச் சோறு போட்டவர் சோறின்றிச் செத்தார் என்று சொல்லுகிற கதையில், வரலாற்றைவிட மக்களின் மனத்தாங்கலே மிகுதி என்று தோன்றுகிறது. 1706-இல் அவர் ஆட்சி முடிந்தது என்பது மட்டும் உறுதி. முப்பது ஆண்டுகள் கழித்து 1736-இல் சந்தா சாகிபு திருச்சியைப் பிடித்தபோது நாயக்கர் வம்சமே முடிந்துபோயிற்று.

இன்று மகாலைப் பார்த்துவிட்டு வெளியே வந்தால், தெப்பக்குளத்தின் அருகே லூர்து மாதா கோவிலின் உயர்ந்த கோபுரம் தெரியும். தெற்கே கொஞ்சம் நடந்தால் நத்தர்வலி தர்கா. காவிரிப் பாலம் தாண்டினால் சீரங்கம். அந்தக் கோவிலுக்குள்ளேயே துலுக்க நாச்சியாருக்கு ஒரு சந்நிதி இருக்கிறது, ரொட்டி நிவேதனமும் நடக்கிறது. வெளியூர்க்காரர்கள் வியந்து பார்க்கிறார்கள். நமக்குப் பழகிப்போய்விட்டது.

பூஷே சுவாமியார் ஆவூரில் கட்டிய கோவிலுக்குப் பின், இப்போதுள்ள பெரிய கோவில் 1747-இல் எழுந்தது. வீரமாமுனிவரும் அந்த ஊரில் பணி செய்தவர். பாஸ்கா முடிந்து பெரியநாயகி மாதாவின் கோவிலில் தேர் ஓடும்போது, வடம் பிடிக்கச் சுற்றுப்பட்டி மக்கள் சமயம் பார்க்காமல் வந்து சேருகிறார்கள். நம் பங்கிலிருந்து ஆண்டுதோறும் நடந்து போகிறவர்கள் வழியில் மரத்தடியில் உட்கார்ந்து கட்டுச்சோறு அவிழ்க்கும்போது, பிள்ளைகளுக்கு அருளானந்தர் கதையோடு இந்த அரசியின் கதையையும் சொல்லலாம்.